பாத்திக்கு மேலே பருந்து

கெர்டாவுக்கு சானடோரியத்தில் இடம் கிடைத்தது. ஒன்றரை வருடம் காத்திருந்து கிடைத்த இடம். முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவள். வேண்டாம் என்று சொன்னால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். மூன்று வாரம். உப்புக் காற்று, சேற்றுப் பூச்சு, சாயங்காலம் நடனம். எல்லாம் அரசாங்கச் செலவு.

"வருஷத்துல பன்னெண்டு மாசம் இருக்கு. ஸ்ட்ராபெரி பழுக்கற மாசந்தானா கெடச்சுது இவங்களுக்கு?" என்றாள் கெர்டா.

அவள் கணவன் அலோய்ஸ் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினான். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பூமிக்கு அடியில் வேலை செய்த காலத்திலும் அவன் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் புறாக்களிடம் பேசிக்கொண்டான்.

அவர்கள் வீடு சுரங்கக் கம்பெனி கட்டிய செங்கல் வரிசையில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு கீற்றுத் தோட்டம். அவர்களுடையதில் பாதி, கரிக்கொட்டகையின் நிழலில் கிடந்தது. வெயில் விழுந்த பாதியில் அலோய்ஸின் புறாக்கூண்டும் கெர்டாவின் ஸ்ட்ராபெரிப் பாத்தியும் இருந்தன. வேறு எதற்கும் இடமில்லை.

ஸ்ட்ராபெரியை ஒரே மண்ணில் மூன்று, நான்கு வருடங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பழம் சிறுத்துப்போகும். வேரில் நோய் இறங்கும். இந்தப் பாத்திக்கு இது நான்காவது வருடம். புதுப் பாத்திக்கு வெயில் வேண்டும். அந்த வெயில் கூண்டு நின்ற இடத்தில் இருந்தது. இதைப் பற்றி இரண்டு குளிர்காலமாக அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, கெர்டா பேசினாள்.

பெட்டியில் துணி அடுக்கும்போது அவள் கடைசியாக ஒரு முறை பேசினாள்.

"இந்தா பாரு. வைக்கோல் நனைஞ்சா மாத்து. பழம் மண்ணுல படக் கூடாது. தண்ணிய வேருக்கு ஊத்து, எல மேல ஊத்தாத. அழுகினத உடனே கிள்ளிப் போடு. நத்தைய சாகடிக்கறேன்னு பாத்தியில உப்பக் கொட்டிடாத, செடி செத்துடும். குருவி வராம வலைய நல்லா இழுத்து ஓரத்துல கல்லு வெச்சிருக்கேன்."

"நான் என்ன சின்னப் பையனா?"

"சின்னப் பையனா இருந்தா சொன்னாக் கேப்பான்."

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூடினாள்.

"பழுக்கறது எல்லாத்தையும் நீ தின்னு, ஹூபர்ட்டுக்குக் குடு. நான் கேக்க மாட்டேன். பின்வரிசை கடைசியாப் பழுக்கற ரகம். நான் வர்ற வாரந்தான் செவக்கும். அதை நான் வந்து பறிக்கணும். அது செடியில இருந்துச்சுன்னா, இன்னும் ஒரு வருஷம் அந்தப் பழைய மண்ணுலயே ஓட்டிக்கறேன். இல்லேன்னா கூண்டப் பிரிச்சிடணும். சரியா?"

"முழுக் கூண்டுமா?"

"முழுக் கூண்டுந்தான்."

அலோய்ஸ் ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்தான். பச்சைப் பெயிண்ட், தகரக் கூரை. அதற்குள் நீலப் பெட்டைப் புறா ஒன்று இருந்தது. இந்த வருடப் புறாப் பந்தயங்களில் வட்டாரத்திலேயே முன்னால் நிற்பது அதுதான். இன்னும் ஒரு பந்தயம் பாக்கி. முப்பது வருடத்தில் அவனுக்கு இப்படி ஒரு பறவை வாய்த்ததில்லை.

"சரி" என்றான்.

ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் நேராகப் பாத்திக்குப் போனான். அத்தனை வருடங்களில் அந்தச் செடிகளை அவன் குனிந்து பார்த்தது அன்றுதான்.

முதலில் நத்தைகள் வந்தன. ஓடு இல்லாத, பழுப்பு நிற, விரல் நீளத்துக்கு வழவழவென்று இருக்கும் நத்தைகள். மழை பெய்த மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால், சிவந்த பழங்களில் எல்லாம் குழி. குழிக்குள் எறும்பு.

பக்கத்து வீட்டு ஹூபர்ட் வேலிக்கு மேலே தலையை நீட்டினான். கெர்டாவின் தம்பி. சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்தவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதைத் திருத்தி அமைக்க ஆசைப்படுபவன்.

"மச்சான், பீர் வெய்யி."

"என்னது?"

"கிண்ணத்துல பீர் ஊத்தி மண்ணோட மண்ணாப் பொதச்சு வெய்யி. வாசனைக்கு வந்து உள்ள விழுந்துடும்."

"நல்ல பீரையா?"

"நத்தைக்கு என்ன மச்சான் தெரியும்? மலிவா வாங்கு."

மலிவு பீர் வைத்தான். மறுநாள் கிண்ணம் நிறைய நத்தை. அதற்கு அடுத்த நாள் இன்னும் அதிகம். ஹூபர்ட் வந்து எட்டிப் பார்த்து, தாடையைச் சொறிந்தான்.

"இதெல்லாம் உன் நத்தை மட்டும் இல்ல மச்சான். என் தோட்டத்து நத்தையும் வந்திருக்கு. தெருவுல இருக்கற நத்தை பூரா உன் வீட்டுலதான் குடிக்குது."

அலோய்ஸ் கிண்ணங்களை எடுத்துவிட்டான். பாத்தி ஓரத்தில் நனைந்த பலகைகளைப் படுக்க வைத்தான். சூரியன் ஏறும்போது நத்தைகள் நிழல் தேடிப் பலகைக்கு அடியில் ஒதுங்கின. காலையில் பலகையைப் புரட்டி, எல்லாவற்றையும் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டான். வேலை எளிது. குனிவதுதான் கஷ்டம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு கெர்டா எப்படிக் குனிந்தாள் என்று நினைத்தான்.

குனிந்தபோது மற்றதும் தெரிந்தது. செடிகளின் அடித்தண்டு மரம்போல் தடித்து, மண்ணுக்கு மேலே எழும்பியிருந்தது. நடுவில் நாலைந்து செடிகள் காரணமில்லாமல் வாடிக் கிடந்தன. ஒன்றைப் பிடுங்கினான். வேர் கறுத்திருந்தது. மண்ணைத் திரும்ப மூடிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கை கழுவினான்.

கெர்டா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்தாள். பின்னணியில் அக்கார்டியன் சத்தம்.

"பழம் எப்பிடி இருக்கு?"

"இருக்கு."

"பின்வரிசை?"

"பச்சையா இருக்கு. நீ ஆடறியா?"

"முட்டி வலிக்கு வந்தவ எங்க ஆடறது? உக்காந்து பாக்கறேன். நேத்து ஒருத்தர் வந்து கூப்பிட்டாரு. தபால் ஆபீசுல வேல பாத்தவராம்."

"போனியா?"

"ஒரே ஒரு பாட்டு. நீ புறாவோட குடித்தனம் பண்றப்போ நான் ஒரு பாட்டுக்கு ஆடக் கூடாதா?"

இரண்டாவது வாரத்தில் வலையில் ஒரு பறவை மாட்டியது. மஞ்சள் அலகுள்ள கறுப்புக் குருவி. வலைக்கு அடியில் எப்படியோ புகுந்து, வெளியே வரத் தெரியாமல் சுற்றிச் சுற்றி, இறக்கையும் கழுத்தும் நூலில் இறுகிக் கிடந்தது. அலோய்ஸ் மண்டியிட்டு அதைக் கையில் எடுத்தான். பறவையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். இதயம் விரல் நுனியில் அடித்தது. நூலைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. கத்தியை எடுத்து அறுத்தான். ஒரு பக்கம் அறுத்தால் இன்னொரு பக்கம் இறுகியது. முடிவில் வலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. குருவி ஒரு நிமிடம் அவன் உள்ளங்கையில் அசையாமல் இருந்தது. பிறகு கத்திக்கொண்டே கரிக்கொட்டகைக்கு மேல் பறந்து போனது.

மிச்ச வலையையும் சுருட்டி எடுத்தான்.

"வேற வல வாங்கலாமே" என்றான் ஹூபர்ட்.

"வேண்டாம்."

"அக்கா கேட்டா?"

"என் புறாக் குஞ்சுங்க தீனி செரிக்கப் பொடிக்கல்லு பொறுக்க அந்தப் பக்கந்தான் எறங்குது. நாளைக்கு அதுல ஒண்ணு மாட்டும்."

"அக்காகிட்ட நான் என்ன சொல்ல?"

"நீ எதுக்குடா சொல்லணும்?"

"எனக்குத் தெனமும் போன் பண்ணிக் கேக்கறா மச்சான். உன்ன மட்டும் நம்பி அக்கா பாத்திய விட்டுட்டுப் போனதா நெனச்ச?"

வலை போன மூன்றாம் நாள் சூறைக்குருவிகள் வந்தன. தனியாக ஒன்று இரண்டாக வருகிற பறவை அல்ல அது. ஜூன் மாதத்தில் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கூட்டமாகத் திரியும். தெருக்கோடியில் ஒரு செர்ரி மரத்தை ஒரே காலையில் மொட்டை அடித்திருந்தன. அலோய்ஸ் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். கிளம்பின. அவன் வீட்டுக்குள் போனதும் திரும்ப வந்தன. அன்று முன்வரிசை காலி. பின்வரிசை இன்னும் வெளுப்பாக இருந்ததால் தப்பியது.

மறுநாள் ஹூபர்ட் ஒரு நீள மூங்கிலோடு வந்தான். அதன் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் பருந்து வடிவத்தில் ஒரு பட்டம். சின்னக் காற்றுக்கே எழும்பி வட்டமடித்தது. விரிந்த இறக்கை, முட்கரண்டி மாதிரி வால். மேலே பார்த்த அலோய்ஸே ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டான்.

"சூறைக்குருவி மட்டும் இல்ல மச்சான், பக்கத்து வீட்டுக் கோழியே வெளிய வரல."

"என் புறாவும் வராது."

"தெரியும். பந்தயம் ஞாயித்துக்கெழமதானே? அன்னிக்குக் காலைல எறக்கிடு. அதுவரைக்கும் கூண்டத் தொறக்காத."

அலோய்ஸ் யோசித்தான். வியாழக்கிழமை. நீலப் பெட்டையை வெள்ளிக்கிழமை மாலை கூடையில் வைத்துப் புறாக் கிளப்பில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து லாரியில் ஜெர்மனிக்குப் போகும். ஞாயிறு விடியலில் திறந்துவிடுவார்கள்; வேகமாக வீடு திரும்பும் பறவைக்கு ஜெயம். கெர்டா திங்கட்கிழமை வருகிறாள். நடுவில் சில மணி நேரந்தான் பருந்து இல்லாமல் இருக்க வேண்டும்.

"சரி, கட்டு" என்றான்.

பருந்து வெள்ளி முழுக்கப் பறந்தது, சனி முழுக்கப் பறந்தது. ஒரு சூறைக்குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. பின்வரிசைப் பழங்கள் கன்னத்தில் சிவந்தன. காம்புப் பக்கம் மட்டும் இன்னும் வெள்ளை. திங்கட்கிழமைக்குள் முழுதும் சிவந்துவிடும்.

"இப்பவே பறிச்சு வெச்சிடேன்" என்றான் ஹூபர்ட், சனிக்கிழமை மாலை.

"பறிச்சா அதுக்கு மேல இனிக்காது. செடியில இருக்கணும்னு அவ சொல்லியிருக்கா."

"அப்ப நாளைக்கு மட்டும் படுக்கை விரிப்பு எதையாவது போட்டு மூடு."

அலோய்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தான். "வெள்ளத் துணியா? பந்தயத்தன்னிக்கா?"

ஹூபர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டான். புறா வளர்க்கும் தெருவில் பிறந்தவன்தான் அவனும். பந்தய ஞாயிறுகளில் அந்த வரிசையில் யாரும் கொடியில் துணி போட மாட்டார்கள். பழகிய முற்றத்தில் பழகாத ஒரு பொருள் கிடந்தாலும் புறா இறங்காது. கூரை மேல் உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் யோசிக்கும். கூண்டின் வாசல் பலகையில் கால் வைத்தால்தான் காலிலுள்ள வளையத்தை மெஷின் படித்து, வந்த நேரத்தைக் குறிக்கும். வானத்தில் வந்து சேர்ந்த நேரத்துக்குக் கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹூபர்ட் கோயிலுக்குப் போனான். தெருவே போனது. அலோய்ஸ் போகவில்லை. பந்தய நாட்களில் பாதிரியாரும் அவனை எதிர்பார்ப்பதில்லை.

காற்று கிழக்கிலிருந்து வீசியது. வருகிற பறவைகளுக்கு எதிர்க்காற்று. தாமதமாகும். அலோய்ஸ் பட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசி நொடி வரை அதை விட்டு வைக்கலாம். ஆனால் எந்த நொடி கடைசி என்று யாருக்குத் தெரியும்? இரவெல்லாம் லாரியில் ஆடி, காலையிலிருந்து எதிர்க்காற்றில் இறக்கை அடித்து, வீட்டைக் கண்டுபிடித்து வந்தால், வீட்டு வாசலில் பருந்து. திரும்பி எங்கே போகும்?

எழுந்து மூங்கிலைப் பிடுங்கினான். பட்டத்தைச் சுருட்டி, கரிக்கொட்டகைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான். கூண்டின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். மடியில் தீனி டப்பா.

கொஞ்ச நேரத்தில் கரிக்கொட்டகை மேல் ஒரு சூறைக்குருவி வந்து உட்கார்ந்தது. அதுவும் வானத்தைத்தான் பார்த்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு பாத்தியில் குதித்தது. ஒரு பழத்தைக் கொத்திப் பார்த்தது.

அலோய்ஸ் கையைத் தட்டினான். பறந்தது. கூரையில் உட்கார்ந்தது.

அப்போதுதான் மேற்கே, சுரங்கத்தின் பழைய இரும்புக் கோபுரத்துக்கு மேல், ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்கு இறக்கை முளைத்தது. அது பறக்கும் விதத்தை அவன் ஆயிரம் பறவைகளுக்கு நடுவிலும் சொல்லிவிடுவான். அவன் அசைவதை நிறுத்தினான்.

நீலப் பெட்டை வீட்டுக்கு மேல் வந்து ஒரு வட்டம் அடித்தது. இறங்கவில்லை. மூன்று நாட்களாக இங்கே ஒரு பருந்து இருந்தது. அது பறந்த இடத்தைத் தோட்டத்தின் மற்றப் பறவைகள் இன்னும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சந்தேகம் மேலே இருந்தவளுக்கும் எப்படியோ எட்டியிருக்க வேண்டும். இன்னொரு வட்டம். இன்னும் உயரத்தில்.

சூறைக்குருவி பாத்தியில் திரும்ப இறங்கியது. அதன் பின்னால் இரண்டு. அதன் பின்னால் கூட்டம்.

எழுந்து ஒரு கை வீசினால் போதும், அவை போய்விடும். நீலப் பெட்டையும் போய்விடும். அலோய்ஸ் டப்பாவை மட்டும் மெதுவாக ஆட்டினான். தானியம் தகரத்தில் உரசியது. "வா... வா... வா..." என்றான், உதடு அசையாமல். கண் வானத்தில் இருந்தது. காது பாத்தியில் இருந்தது. வைக்கோல் சரசரத்தது. குஞ்சுகள் சண்டை போட்டன. பின்வரிசைக்கு வந்துவிட்டன.

தோட்டத்தின் பின்கேட் கிரீச்சிட்டது.

கெர்டா நின்றுகொண்டிருந்தாள். கையில் பெட்டி, தோளில் கோட்டு. திங்கட்கிழமை வர வேண்டியவள். கேட்டைப் பாதி திறந்திருந்தாள். அவள் பார்வை முதலில் பாத்தியில் விழுந்தது. அவளுடைய பின்வரிசையில் முப்பது சூறைக்குருவிகள். அவள் வாய் திறந்தது. குருவிகள் மேல் வீசப் பெட்டியைத் தூக்கினாள்.

பிறகு அவனைப் பார்த்தாள். முக்காலியில், மடியில் டப்பாவோடு, மேலே பார்த்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தான். அவளும் மேலே பார்த்தாள்.

தூக்கிய பெட்டியை அவள் இறக்கவில்லை. இறக்கினால் சத்தம் வரும். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கேட்டுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றாள்.

நீலப் பெட்டை வீட்டுக் கூரையின் முகட்டில் இறங்கியது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. ஒரு சூறைக்குருவி சிவந்த பழம் ஒன்றைக் காம்போடு இழுத்துக்கொண்டு கெர்டாவின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து, அதை இரண்டாகக் கிழித்துத் தின்றது. அவள் அதைப் பார்த்தாள். கால் விரலைக்கூட அசைக்கவில்லை. முழங்காலில் வலி தெரிந்திருக்க வேண்டும், முகம் ஒரு பக்கம் கோணியது.

பெட்டை கூரையிலிருந்து கூண்டின் தகரத்துக்கு இறங்கியது. தகரத்தில் நான்கு அடி நடந்தது. நின்றது. ஒரு இறகைக் கோதியது. பிறகு வாசல் பலகையில் குதித்து உள்ளே போனது. மெஷின் பீப் என்றது.

"போங்கடா!" என்று கத்தினாள் கெர்டா.

பெட்டி பறந்து வைக்கோல் மேல் விழுந்தது. கோட்டைச் சுழற்றிக்கொண்டு பாத்திக்குள் பாய்ந்தாள். முழங்கால் சிகிச்சை பலித்திருந்தது. குருவிக் கூட்டம் ஒரு போர்வையை உதறியது மாதிரி எழும்பிப் போனது.

அலோய்ஸ் கூண்டின் கதவைச் சாத்தினான். பெட்டைக்குத் தண்ணீர் வைத்தான். பிறகு பாத்திக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றான். பின்வரிசையில் இலைக்கு அடியில் ஒளிந்திருந்த சில பழங்கள் மிச்சம். மற்றதெல்லாம் காம்பும் கிழிசலும்.

"நாளைக்குல்ல வர்றதா இருந்துச்சு?"

"ஞாயித்துக்கெழம எந்த வைத்தியமும் கெடையாது. கூட இருந்தவளோட மகன் கார்ல வந்தான். இந்தப் பக்கந்தான் போறேன்னான், ஏறிட்டேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "வல எங்க?"

"அறுத்துட்டேன். குருவி மாட்டிக்கிச்சு."

"ஹூபர்ட் ஏதோ பருந்துன்னானே?"

"எறக்கிட்டேன். இவ வரணுமே."

கெர்டா குனிந்து ஒரு பழத்தைப் பறித்தாள். ஒரு பக்கம் கொத்தியிருந்தது. மற்றப் பக்கத்தைக் கடித்தாள்.

"நீ ஓட்டியிருக்கலாம்" என்றான் அலோய்ஸ். "கேட்டுல நின்னுட்ட."

"ஓட்டியிருந்தா அது எறங்கியிருக்குமா?"

"எறங்கியிருக்காது."

"அப்பறம் என்ன கேள்வி?"

கோயில் விட்டு வந்த ஹூபர்ட், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வேலிக்கு மேல் தலையை நீட்டினான். அக்காவைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை.

"வந்துட்டியா அக்கா? மச்சான், யாருக்கு ஜெயம்?"

"சூறைக்குருவிக்கு" என்றாள் கெர்டா. "அந்த மூங்கில எடுத்துட்டுப் போடா. உன் தக்காளிக் கொடிக்குன்னு நான் வாங்கிக் குடுத்தது அது."

ஹூபர்ட் தலை வேலிக்குக் கீழே போனது.

இருவரும் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அவள் மிச்சப் பழங்களைக் கோட்டின் மடியில் சேர்த்தாள். முழுசாக இருந்தவை ஒரு கைப்பிடி கூடத் தேறவில்லை. அலோய்ஸ் காத்திருந்தான். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன்தான் பேசினான்.

"ஆகஸ்ட்டுல, புதுச் செடி நடறதுக்கு முன்னாடி, பிரிச்சிடறேன்."

"எதை?"

"கூண்ட. நீ சொன்னபடி." அவன் ஒரு செடியை அடித்தண்டோடு பிடித்து ஆட்டிக் காட்டினான். "இந்த மண்ணு இனிமே தாங்காது கெர்டா. வேரப் பிடுங்கிப் பாத்தேன். கறுத்துக் கெடக்கு. பழம் இருந்திருந்தாலும் அடுத்த வருஷத்துக்கு ஒண்ணும் வராது."

கெர்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வேரப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நாலு வருஷத்துல ஒரு தடவகூடக் குனிஞ்சு களை பறிச்சதில்ல."

"மூணு வாரமாக் குனிஞ்சுக்கிட்டேதான் இருக்கேன்."

அவள் கூண்டைப் பார்த்தாள். உள்ளே நீலப் பெட்டை தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு மூலையில் இறக்கையைத் தளர விட்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"தெக்குப் பக்கம் பாதி போதும்" என்றாள். "பாத்திக்கு அவ்வளவுதான் வேணும்."

"முழுசுன்னியே."

"முழுசும் பிரிக்கணுமா உனக்கு?"

"வேண்டாம்."

தெற்குப் பக்கம் குஞ்சுகள் இருக்கும் பக்கம். பாதியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். எந்தெந்தப் பறவை, யார் யாருக்கு என்று அலோய்ஸ் மனதுக்குள் பிரிக்க ஆரம்பித்தான். கெர்டா செடியில் மிச்சமிருந்த கடைசிப் பழத்தைத் தொட்டுப் பார்த்தாள். காம்புப் பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது. அதை மட்டும் பறிக்காமல் இலையை இழுத்து மூடி வைத்தாள்.